பருத்திச் சாயம் காட்டிக்கொடுக்கும் நோய்

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுபவர்களுக்குப் பருத்தியின் பிடிவாதம் தெரியும். எல்லாச் சாயமும் அதில் நிற்காது. படிகாரம்போல ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டும். 1880களில் ஜெர்மனியில் உருவான காங்கோ சிவப்பு, துணை எதுவும் கேட்காமல் நேராகப் பருத்தியில் ஏறியது. ஆனால் அமிலம் பட்டால் நீலமாகிவிடும். துணியில் அதன் மவுசு போய்விட்டது. நோயியல் ஆய்வகங்களில் மட்டும் இன்றும் அதற்கு வேலை இருக்கிறது.

இறந்த விலங்கின் சிறுநீரகத்தை மெல்லியதாகச் சீவி, இந்தச் சாயமிட்டு, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்ப்பார்கள். பச்சையாக மின்னும் இடத்தில் அமிலாய்டு என்ற புரத இழைகள் படிந்திருக்கின்றன என்று பொருள்.

இந்தப் படிவு உண்டாக்கும் நோயால் அதிகம் அவதிப்படுவது கூண்டில் வளரும் சிவிங்கிப்புலி. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவற்றில் 1990க்கு முன் சுமார் 20 சதவீதமாக இருந்த இந்நோய், 1995இல் 70 சதவீதத்தை எட்டியது. கூடவே ஏதோ ஓர் அழற்சியும் இருந்தது, பெரும்பாலும் இரைப்பையில்.

மூலம் அங்கேதான். உடலில் அழற்சி வந்தால் கல்லீரல் ஒரு புரதத்தை வழக்கத்தைவிட ஆயிரம் மடங்குவரை சுரக்கும். புண் ஆறினால் அளவு தணியும். அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால், அந்தப் புரதத்தின் துண்டுகள் தவறாக மடிந்து, கரையாத இழைகளாகி, சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடும். வடிகட்டும் வேலை மெல்ல நின்றுபோகும்.

விசித்திரம் என்னவென்றால், கூண்டு விலங்குகளின் இரைப்பையைக் கெடுக்கும் அதே வகை பாக்டீரியா நமீபியக் காட்டில் திரியும் சிவிங்கிப்புலிகளிடமும் உண்டு. அவற்றுக்கு வயிறு அவ்வளவாகக் கெடுவதில்லை. கூண்டு விலங்குகளிடம் மன அழுத்த ஹார்மோன் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். குற்றவாளி கிருமி மட்டுமல்ல, கூண்டும்தான் என்பது என் கணிப்பு.

2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். நோயுற்ற சிவிங்கிப்புலியின் மலத்திலேயே இந்த இழைகள் இருந்தன. அவற்றை எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகளிடமும் அமிலாய்டு உருவானது. வெளியிலிருந்து வரும் இழை, உள்ளே இருக்கும் புரதத்துக்கு உறைமோர்.

நம் நாட்டிலும் இப்போது சிவிங்கிப்புலிகள் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு எட்டு வந்தன. அவற்றில் சாஷா என்ற பெண் 2023 மார்ச்சில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது. அதற்கு அமிலாய்டுதான் காரணம் என்று அவசரப்பட்டு முடிச்சுப் போடக் கூடாது. சிறுநீரகம் கெட வழிகள் பல. ஆனால் அந்த இனத்தைப் பராமரிப்பவர் ரத்தத்தில் சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுவதைக் கண்டால் நினைத்துப் பார்க்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

சிவிங்கிப்புலிகளில் படிந்த இழையைக் கரைத்தெடுக்க நம்பகமான சிகிச்சை இல்லை. அதனால் கவனம் எல்லாம் முன்கூட்டியே செய்யக்கூடியவற்றின் மேல்: இரைப்பை அழற்சியை முற்றவிடாமல் பார்ப்பது, அடைப்பில் ஒதுங்க மறைவிடம் தருவது, மலத்தை உடனுக்குடன் அள்ளுவது.