விடுதலைச் சான்றிதழ் கிடைத்த பிறகு என்ன?

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைத் தொழிலாளர்களை வருவாய்த்துறை அதிகாரிகள் மீட்டனர். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் புகைப்படம் அப்போது பலரையும் உலுக்கியது. வெறும் 1,000 ரூபாய் கடனுக்காக அவர் பல ஆண்டுகள் உழைத்ததாகச் செய்திகள் கூறின.

இது எங்கோ தூரத்தில் நடந்ததல்ல. தாம்பரத்தைச் சுற்றியுள்ள செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் செங்கல் சூளைகள், அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பங்கள் மீட்கப்பட்டுள்ளன. அவர்களில் பலர் இருளர் பழங்குடியினர். வாங்கிய முன்பணத்தை அடைக்க முடியாமல் குடும்பத்தோடு சிக்கிக்கொண்டவர்கள். மீட்கப்பட்டவர்கள் மறுநாள் எங்கே தங்குவார்கள், எதைச் சாப்பிடுவார்கள்?

அமெரிக்கா தரும் பாடம்

இதே கேள்வியை ஒரு நாடே சந்தித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865) முடிந்தபோது சுமார் 40 லட்சம் கறுப்பின அடிமைகள் விடுதலை பெற்றனர். 1865-ல் 13-வது சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-ல் குடியுரிமையும் 1870-ல் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையும் சட்டமாயின.

ஆனால் நிலம் கிடைக்கவில்லை. தென் கடற்கரைப் பகுதியில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கும்படி 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் உத்தரவிட்டார். அதே ஆண்டில் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார். விடுதலை பெற்றவர்கள் அதே முதலாளிகளிடம் வாரத்துக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் கடன் வாங்கி, மீண்டும் கடனில் கட்டுண்டனர். 1877-ல் மத்திய அரசின் படைப் பாதுகாப்பும் விலகியது. பிறகு வாக்குரிமையும் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயர்களில் பறிக்கப்பட்டது. அதை மீட்க 1965 வரை போராட வேண்டியிருந்தது.

இஸ்லாம் காட்டும் வழி

ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் அடிமைத்தளையில் இருப்போரின் விடுதலையையும் அல்லாஹ் சேர்த்துள்ளான் (அல்குர்ஆன் 9:60). விடுதலைக்கு ஒப்பந்தம் எழுதிக் கேட்கும் அடிமைகளுக்கு அதை எழுதிக் கொடுக்கும்படியும், அல்லாஹ் தந்த செல்வத்திலிருந்து அவர்களுக்குக் கொடுக்கும்படியும் 24:33 வசனம் கட்டளையிடுகிறது. விடுதலைக்கான பேச்சிலேயே பொருளுதவியும் சேர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களின் விடுதலைக்கு 300 பேரீச்சங்கன்றுகளும் 40 ஊக்கியா தங்கமும் விலையாகக் கேட்கப்பட்டன. தோழர்கள் தங்களால் இயன்ற கன்றுகளைக் கொண்டு வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் கைகளாலேயே அவற்றை நட்டார்கள். ஒருவரின் விடுதலையை ஒரு சமுதாயமே தன் பொறுப்பாக ஏற்றது.

நமது நாட்டுச் சட்டம்

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 கொத்தடிமைக் கடன் அனைத்தையும் ரத்து செய்கிறது. அந்தக் கடனை வசூலிப்பதே குற்றம். மீட்கப்பட்டவர்களை மறுவாழ்வுக்கு வழியின்றி விட்டால் அவர்கள் மீண்டும் கொத்தடிமைகளாகிவிடுவார்கள் என்று 1984-ல் நீரஜா சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

2016-ல் திருத்தப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி மறுவாழ்வு நிதி ஆண்களுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் சிறார்களுக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் கொடுமை போன்ற கொடிய நிலைகளில் 3 லட்சம். உடனடி உதவியாக இப்போது 30,000 ரூபாய் வரை கிடைக்கும். மீதித் தொகை வழக்கோடு இணைக்கப்பட்டுள்ளது. வழக்கு இழுத்துக்கொண்டே போனால், அந்த இடைவெளியில் இன்னொரு சூளைக்காரரின் முன்பணம் வாசலுக்கு வந்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

வீடு கட்டும்போதும், ஜமாஅத் கட்டடம் எழுப்பும்போதும் செங்கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, அங்கே கூலி வாரந்தோறும் கொடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். முன்பணத்துக்காக ஒரு குடும்பம் வெளியேற முடியாமல் இருப்பது தெரிந்தால் கோட்டாட்சியர் அல்லது கலெக்டர் அலுவலகத்தில் தகவல் கொடுங்கள். குழந்தைகள் வேலை செய்தால் 1098-ஐ அழையுங்கள்.

மீட்கப்பட்ட குடும்பங்களுக்கு ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவை பெரும் தடைகள். படித்த நம் பிள்ளைகள் விண்ணப்பம் நிரப்பி, அலுவலகம் வரை உடன் சென்றாலே பாதிச் சுமை குறையும். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிமல்லாதவர்கள் என்பதால் ஸகாத் குறித்து உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸதகா கொடுக்கத் தடையில்லை. ஒரு தையல் இயந்திரம், இரண்டு ஆடுகள், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என எதுவானாலும், அடுத்த முன்பணத்தை வாங்காமல் ஒரு குடும்பத்தைக் காக்கும்.

அடிமையை விடுவிப்பதைக் கடினமான கணவாயைக் கடப்பதோடு அல்லாஹ் ஒப்பிடுகிறான் (அல்குர்ஆன் 90:11-13). அந்தக் கணவாயைக் கடக்கும் வலிமையை நமக்கு அவன் தருவானாக.