தூத்துக்குடி தந்த மாநாட்டுப் பாடம்

தமிழின் பெருமையைத் தமிழர்களே தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தால் உலகுக்கு எப்படித் தெரியும்? இதற்கு வழி தேடியவர், 1913இல் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்த தனிநாயகம் அடிகளார்.

தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கிய இந்தப் பாதிரியார், 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழையும் ஆரம்பித்தார். வெறும் புகழுரை அறிஞர்களிடம் எடுபடாது, சான்று வேண்டும். அதை ஐரோப்பிய நூலகங்களில் தேடினார். முத்துக்குளித்துறை மக்களுக்காக 1554இல் லிஸ்பனில், ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றி எழுதினார்.

1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தது. அங்கே பல மொழிகளில் தமிழும் ஒன்று, அவ்வளவுதான். வந்திருந்த தமிழறிஞர்களை அடிகளாரும் நண்பர்களும் ஒன்றுகூட்ட, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. தலைவர், பிரான்ஸின் ழான் ஃபிலியோசா. செயலாளர்கள், அடிகளாரும் செக் அறிஞர் கமில் சுவலபிலும்.

அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது.

கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப்போகும் மாணவர்களே, சான்றோடு பேசுங்கள்; கேட்பவருக்குப் புரியும் மொழியில் பேசுங்கள். வாசித்து முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடமும் நாலு வார்த்தை பேசுங்கள்!