ரமலானுக்கு முன் வரும் இரு மாதங்கள்

ரமலான் நெருங்கினால் பேரீச்சம்பழம், நொய்யரிசி, சேமியா ஆகியவற்றின் கொள்முதலைப் பற்றி நம் வியாபாரப் பெருமக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முந்திய ரஜப், ஷஃபான் மாதங்களிலேயே இஸ்லாமிய அன்பர்களில் சிலர் நோன்பிருப்பதையும், பழைய கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்வதையும் பார்த்து, "நோன்பு மாதம் இன்னும் பிறக்கவில்லையே, இது என்ன?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்பதுண்டு. அதற்கான விளக்கமே இது.

இஸ்லாமிய ஆண்டின் பன்னிரண்டு மாதங்களில் துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், ரஜப் ஆகிய நான்கும் புனித மாதங்கள். முதல் மூன்றும் அடுத்தடுத்து வருபவை. ரஜப் மட்டும் ஏழாவது மாதமாகத் தனித்து நிற்கிறது. எட்டாவதான ஷஃபான் இந்த நான்கில் சேராது. பேச்சுவழக்கில்தான் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

புனித மாதம் என்பதன் முதல் பொருள், அதில் போர் கூடாது என்பது. இஸ்லாத்திற்கு முந்திய அரபு நாட்டிலேயே இந்த வழக்கம் இருந்தது. ஒட்டகங்களில் சரக்கேற்றிச் செல்லும் வணிகக் கூட்டத்தார் அச்சமின்றிப் பயணம் செய்தது இம்மாதங்களில்தான். தாயிஃப் அருகே கூடிய புகழ்பெற்ற உக்காழ் சந்தை துல்கஃதா மாதத்தில் நடந்தது. ரஜப் பிறந்ததும் ஈட்டிகளின் இரும்பு முனைகளைக் கழற்றி வைப்பார்களாம். ஆயுத ஓசையே கேட்காததால் அதற்குச் 'செவிட்டு ரஜப்' என்றும் பெயர். சண்டை போட வேண்டியிருந்தால் புனித மாதத்தையே தள்ளிவைத்துக்கொள்ளும் தந்திரமும் இருந்தது. கொடுக்க வேண்டிய கெடுவை நாமே நம் வசதிக்குத் தள்ளிப் போட்டுக்கொள்வது போலத்தான்! திருக்குர்ஆன் 9ஆம் அத்தியாயத்தின் 37ஆம் வசனம் இதைக் கண்டிக்கிறது.

ரஜபில் நோன்பிருக்கலாம், தடையில்லை. ஆனால் இன்ன நாளில் நோன்பிருந்தால் இத்தனை ஆண்டு நன்மை என்று கணக்குச் சொல்லும் துண்டுப் பிரசுரங்களுக்கு வலுவான ஆதாரம் கிடையாது. 15ஆம் நூற்றாண்டின் ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அஸ்கலானி இதை ஆராய்ந்து தனி நூலே எழுதியிருக்கிறார். ரஜப் 27ஆம் இரவை மிஃராஜ் இரவாகப் பல ஊர்களில் கொண்டாடினாலும், அந்தத் தேதியில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஷஃபான் விஷயம் வேறு. ரமலானை அடுத்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதிகமாக நோன்பிருந்த மாதம் இதுவே என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். ரஜபுக்கும் ரமலானுக்கும் நடுவில் மக்கள் கவனியாமல் விட்டுவிடும் மாதம் என்றும், இறைவனிடம் செயல்கள் உயர்த்தப்படும் மாதம் என்றும் அதற்குக் காரணம் கூறப்படுகிறது. நோய், பயணம் போன்ற காரணங்களால் சென்ற ரமலானில் விட்ட நோன்புகளை ஈடுசெய்யவும் இதுவே கடைசித் தவணை. ஆனால் ரமலானுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாக, வழக்கமில்லாத நோன்பைத் தொடங்கக் கூடாது. ஷாஃபி மத்ஹபில் பாதி ஷஃபானுக்குப் பின்பே, வழக்கமாக வைப்பவர் அல்லாதார்க்கும் முன்னிருந்து தொடராதவர்க்கும், உபரி நோன்புக்குத் தடை உண்டு. ஹனஃபியில் அது இல்லை. ஒரே தெருவில் ஒருவர் நோன்பிருக்க, மற்றவர் தேநீர் குடிப்பதற்கு இப்படியும் காரணம் இருக்கலாம்.

ஷஃபான் 15ஆம் இரவே பராஅத். அன்றைய சிறப்பு வழிபாடுகள் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உள்ளது. அந்த இரவின் மன்னிப்பு, பகைமை பாராட்டுபவருக்குக் கிடைக்காது என்று ஓர் அறிவிப்பு உண்டு. பங்காளிகளிடையே பேச்சுவார்த்தை நின்றுபோன கடைகள் நம்மிடம் எத்தனை!

இனி கணக்கு நோட்டு. ஸகாத் கணக்கைப் பலர் ரமலானில் முடிப்பதால் ஷஃபானிலேயே இருப்பு எடுக்கிறார்கள். கடையில் விற்பனைக்கு உள்ள சரக்கின் அன்றைய மதிப்பு, ரொக்கம், வங்கி இருப்பு, வசூலாகக்கூடிய பாக்கி ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். தராசு, அலமாரி, வண்டி, கடைக் கட்டடம் சேராது. கொடுக்க வேண்டிய கடனை ஹனஃபிகள் கழிப்பார்கள். ஷாஃபிகளின் வலுவான கருத்துப்படி கழிப்பதில்லை. மொத்தக் கடைக்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம். தம் மத்ஹபின் ஆலிமைக் கேட்டுக்கொள்வதே சரி. மிஞ்சுவது குறைந்தபட்ச வரம்பை எட்டினால் நூற்றுக்கு இரண்டரை. இதற்குப் பலரும் 85 கிராம் தங்கத்தின் விலையை அளவாகக் கொள்கிறார்கள். வெள்ளியைக் கொள்வோரும் உண்டு.

ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. ஸகாத் ஆண்டு சந்திர ஆண்டு. சுமார் 354 நாள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வரிக்கணக்கை வைத்தே ஸகாத் கொடுப்பவர், ஆண்டுக்கு 11 நாள் வீதம் பின்தங்கி, 33 ஆண்டுகளில் ஓராண்டு ஸகாத்தையே விட்டுவிடுகிறார். ஆங்கில ஆண்டைத்தான் பின்பற்ற வேண்டுமென்றால் சுமார் 2.58 சதவிகிதம் கொடுப்பது வழி. ஆண்டு முஹர்ரமிலேயே நிறைவடைந்தவர் ரமலான் வரை காத்திருப்பதும் சரியல்ல. பெறவேண்டிய ஏழைக்கு எட்டு மாதம் தாமதம்.

இதே 11 நாள் கணக்கினால்தான் 1997இல் ஒரே ஆங்கில ஆண்டில் ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் கடைசியில் ஒன்றுமாக இரண்டு ரமலான் தொடங்கியது. அடுத்து 2030இலும் அப்படி வரும் என்பது கணிப்பு. பேரீச்சம்பழம் பிடிப்பவர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.