மனிதனும் ஓர் உறுப்பாகும் பாய்மரப் படகு

அட்லாண்டிக் சமுத்திரத்தில் நூற்றுக்கணக்கான தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் பஹாமாஸ் தேசத்தில், தீவு விட்டுத் தீவு செல்லவும், மீனும் சங்கும் கடற்பஞ்சும் எடுத்து ஜீவனம் நடத்தவும் மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்தவை ‘ஸ்லூப்’ எனப்படும் ஒற்றைப் பாய்மரப் படகுகளே. யந்திரப் படகுகளின் வரவால் அவை அடியோடு மறைந்துவிடுமோ என்ற கவலை எழுந்தபோது, அவற்றைக் காக்கும் உபாயமாக, 1954ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கிரேட் எக்ஸுமா தீவின் ஜார்ஜ் டவுனை அடுத்த எலிசபெத் துறைமுகத்தில் முதல் பாய்மரப் பந்தயம் நடந்தேறியது.

இப்படகின் அமைப்பு விசித்திரமானது. பந்தயத்தின் முதல் வகுப்பில் ஓடும் படகின் நீளம் சுமார் 28 அடிதான். ஆனால் அதன் பாய்மரமோ படகின் நீளத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயர்ந்து நிற்பது. பாயின் அடியைத் தாங்கும் கழியோ பின்முனையையும் தாண்டி நீரின்மேல் நீண்டிருப்பது. இத்தனை பெரிய பாயில் காற்று பக்கவாட்டில் மோதும்போது, படகைச் செலுத்தும் அதே சக்தி அதைக் கவிழ்க்கவும் முனைகிறது. அடியில் வைத்த ஈயப் பாரம் ஓரளவு தடுத்தாலும், பலத்த காற்றுக்கு அது போதாது.

போதாத எடையைப் பூர்த்தி செய்கிறவர்கள் மாலுமிகளே. காற்று வரும் பக்கமாக ‘ப்ரை’ என்னும் நீண்ட பலகையைப் படகுக்கு வெளியே நீட்டி, அதன்மேல் அவர்கள் வரிசையாக அமர்கிறார்கள். நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்தவர் மூன்று மீட்டர் தூரத்துக்கு நகர்ந்தால், அவர் எடை மாறாமலே, படகை நிமிர்த்தும் அதன் ஆற்றல் மும்மடங்காகிறது. ஏற்றமரத்தில் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்த நம் உழவர் கையாண்ட நெம்புகோல் தத்துவமே இது. பாக் நீரிணைக் கரை மீனவரும் இதே நோக்கத்தோடு படகுக்கு வெளியே பலகை நீட்டி அமர்ந்து பாய் ஓட்டியதை, சென்னை மாகாண மீன்துறையின் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் விவரித்திருக்கிறார்.

பந்தயம் தொடங்கும் முறையும் பழைய தொழிலின் வழக்கத்தை ஒட்டியதே. எல்லாப் படகுகளும் நங்கூரமிட்டு, பாயை இறக்கி வைத்துக் காத்திருக்கும்; வெடி முழங்கியதும் சிலர் நங்கூரக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, அந்த இழுப்பிலேயே படகு முன்னேற, மற்றவர்கள் பாயை உயர்த்துவார்கள். ஆகவே மாலுமிக் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர் முதலில் கற்க வேண்டியது, எந்தக் கணத்தில் எந்தக் கயிறு தம் பொறுப்பு என்பதையே.

காற்றை எதிர்த்துச் செல்லும் படகு நேரே போக முடியாமல் வலமும் இடமுமாக மாறி மாறி ஓடவேண்டியிருப்பதால், ஒவ்வொரு திருப்பத்திலும் சுக்கான் பிடித்தவர் குரல் கொடுத்தவுடன், பலகைமேல் இருப்பவர்கள் சரிந்து உள்ளே வந்து, பலகையை மறுபக்கம் தள்ளி, மீண்டும் வெளியேற வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் படகின் சமநிலை குலையும். திறந்த படகில் நீர் புகுந்தால், உள்ளிருக்கும் ஈயமே அதை அமிழ்த்திவிடும். எனவே தனிமனிதனின் பலத்தைவிட, பலரும் ஒரே கணத்தில் ஒரே விதமாய் அசையும் ஒழுங்கே இங்கே வெற்றியைத் தருகிறது.

மரத்தாலான உடலும் துணிப்பாயும் கொண்டு, பஹாமாஸ் மக்களே வரைந்து, கட்டி, ஓட்டும் படகாக இருக்கவேண்டும் என்னும் விதியை இப்பந்தயம் போற்றி வருவதற்கும் காரணம் இருக்கிறது. காட்டில் இயற்கையாகவே வளைந்த மரத்தைத் தேடிப் படகின் விலா எலும்புகளுக்கு ஏற்றபடி அறுக்கும் தச்சனின் கண்ணும், காற்றின் போக்கை உடலால் அறியும் மாலுமியின் பழக்கமும் பொருட்காட்சிச் சாலையில் பாதுகாக்கக்கூடிய வஸ்துக்கள் அல்ல. படகு கட்டப்பட்டு, கடலில் இறங்கி, போட்டியிட்டுக் கொண்டிருக்கும் வரையில்தான் அவ்வித்தைகள் உயிரோடிருக்கும். ஆகவே பழந்தொழில் ஒன்றைக் காக்க விரும்புகிறவர்கள் அதற்கு நினைவுச் சின்னம் எழுப்புவதைவிட, இளைஞர்கள் ஆவலோடு வந்து சேரக்கூடிய ஒரு பந்தயத்தை ஏற்படுத்துவதே சிறந்த வழி.