பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல்: தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவோம்

தாராவியிலும் சயானிலும் உள்ள நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கி, ஜூனியர் காலேஜில் விஞ்ஞானப் பிரிவில் சேருகிறார்கள். அடுத்த ஆண்டு விசாரித்தால் அவர்களில் சிலர் காமர்ஸுக்கு மாறியிருப்பார்கள். ஏன் என்று கேட்டால், "கெமிஸ்ட்ரி வரல" என்று ஒரே பதில்தான் வருகிறது.

நான் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டிப்ளமா படித்தவனே தவிர வேதியியல் பேராசிரியர் அல்லன். சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து பாடம் பார்த்து வருகிறேன். அதில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. இவர்களுக்குப் புத்திக் குறைவு கிடையாது. கேட்ட கேள்விக்குத் தமிழில் சரியாகச் சொல்லுகிறார்கள். அதையே ஆங்கிலத்தில், உரிய அலகோடு, உரிய நேரத்தில் எழுதத்தான் தடுமாறுகிறார்கள். இது பழக்கத்தால் தீரக்கூடிய குறை. இதற்காக ஒரு பிள்ளை விரும்பிய படிப்பையே கைவிட வேண்டிய அவசியமில்லை. எனவே மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் சில செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

வினாத்தாளை முதலில் படியுங்கள்

எந்த வேலைக்கும் முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிர வாரியத்தின் எச்.எஸ்.சி. வேதியியல் தேர்வுக்கு எழுத்துத் தாள் 70 மதிப்பெண், செய்முறை 30 மதிப்பெண். நேரம் 3 மணி. 2020இல் வந்த பால்பாரதி பாடநூலில் 16 அத்தியாயங்கள் உள்ளன. திடநிலை தொடங்கி வேதிவினை வேகவியல் வரை முதல் 6 அத்தியாயங்கள் இயற்பிய வேதியியல். அடுத்த 3 தனிமங்களும் அணைவுச் சேர்மங்களும். மீதி 7இல் கரிம வேதியியலும், உயிர் மூலக்கூறுகள், பாலிமர், பசுமை வேதியியல் ஆகியனவும் வருகின்றன.

இந்தப் பாடத்திட்டத்தின்படி வினாத்தாளின் அமைப்பு இது:

முதல் வினா: சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல், 10 மதிப்பெண்.
இரண்டாம் வினா: ஒரு மதிப்பெண் வினாக்கள் எட்டு, 8 மதிப்பெண்.
இரண்டு மதிப்பெண் வினாக்கள்: பன்னிரண்டில் எட்டு, 16 மதிப்பெண்.
மூன்று மதிப்பெண் வினாக்கள்: பன்னிரண்டில் எட்டு, 24 மதிப்பெண்.
நான்கு மதிப்பெண் வினாக்கள்: ஐந்தில் மூன்று, 12 மதிப்பெண்.

கூட்டிப் பாருங்கள். அச்சாகியிருப்பது 98 மதிப்பெண்ணுக்கு. எழுத வேண்டியது 70க்கு. எனவே 28 மதிப்பெண் அளவுக்கு விட்டுவிடலாம். அதற்காக, "கடினமான நான்கு அத்தியாயங்களைத் தொடவே வேண்டாம்" என்று சிலர் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். முதல் இரண்டு வினாக்களின் 18 மதிப்பெண்ணில் விருப்பத் தேர்வு கிடையாது. அவை எந்த அத்தியாயத்திலிருந்தும் வரலாம். எல்லா அத்தியாயத்திலும் சிறு வினாவுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். பெரிய வினாவுக்கு மட்டும் நமக்குப் பிடித்த அத்தியாயங்களை வைத்துக்கொள்ளலாம்.

நேரக் கணக்கும் எளிது. ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம் என்று கொண்டால் 175 நிமிடம் ஆகும். மிஞ்சும் 5 நிமிடத்தில் வினா எண்களைச் சரிபார்க்கலாம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் வரிசை எழுத்தோடு விடையையும் சேர்த்து எழுத வேண்டும். முதலில் எழுதியதையே திருத்துவார்கள். ஒவ்வொரு பிரிவையும் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும். இவையெல்லாம் வினாத்தாளின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கும் விதிகள். படிக்காமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம்.

மொழிச் சுவரைத் தாண்டுவது எப்படி?

மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும், ஆங்கிலவழியில் படித்தாலும் வீட்டில் தமிழே பேசும் பிள்ளைக்கும் பதினோராம் வகுப்பில் ஒரே சுவர்தான் எதிரே நிற்கிறது. ஒரு பக்கத்தை மூன்று முறை வாசித்தும் பொருள் பிடிபடாது. உடனே மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். மனப்பாடம் செய்த வாக்கியத்தில் ஒரு சொல் மறந்தால் முழு விடையும் நின்றுபோகிறது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அயனிச் சமநிலை, மின் வேதியியல், வேதிவினை வேகவியல், அணைவு வேதியியல் ஆகியவை அங்கே பன்னிரண்டாம் வகுப்பு நூலில் உள்ளன. வெப்ப இயக்கவியலும் கரைசல்களும் பதினோராம் வகுப்பு நூலில் இருக்கின்றன. காலேஜில் ஒரு பாடம் தொடங்கும் முன் அதே பாடத்தைத் தமிழில் ஒரு முறை கதை படிப்பதுபோல் வாசித்துவிடுங்கள். பிறகு பால்பாரதி நூலை எடுத்தால் ஆங்கிலச் சொற்கள் அறிமுகமானவர்களைப் போல் வரும். தேர்வுக்கு உரிய நூல் பால்பாரதிதான். தமிழ் நூல் ஏறுவதற்கு ஏணி.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வீட்டில் உள்ள பெரியவர்கள் வாசித்துக் காட்டலாம். அம்மாவுக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை, எழுத்துக் கூட்டி வாசித்தாலே போதும்.

எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் நான்கு படிகளை வைத்துக்கொள்ளுங்கள்: வரையறை, வாய்பாடு, அலகு, ஓர் எடுத்துக்காட்டு. சிறிய வாக்கியங்கள் போதும். வேதியியல் தாளில் ஆங்கில நடைக்கு மதிப்பெண் இல்லை. சமன் செய்த சமன்பாட்டுக்கும், பெயர் குறித்த படத்துக்கும் உண்டு.

கால்குலேட்டர் இல்லை, லாக் டேபிள் உண்டு

எச்.எஸ்.சி. தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. லாக் டேபிளுக்கு உண்டு. ஆண்டு முழுவதும் கைபேசியில் கணக்குப் போட்டுவிட்டுத் தேர்வறையில் முதல்முறையாக லாக் டேபிளைப் புரட்டினால் கை நடுங்கத்தான் செய்யும். முதல் நாளிலிருந்தே லாக் டேபிளில் போடுங்கள். 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களின் லாக் மதிப்புகள் முறையே 0.3010, 0.4771, 0.6990, 0.8451. இவை மனத்தில் இருந்தால் பாதிக் கணக்குக்கு அட்டவணையே தேவைப்படாது. 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். என்ன என்றால், அது 2 × 10⁻³. ஆகவே 3 − 0.3010 = 2.699. முடிந்தது.

சில கணக்குக்கு லாக்கும் வேண்டாம், யோசித்தால் போதும். முதல்வகை வினை ஒன்றில் 40 நிமிடத்தில் 75 விழுக்காடு முடிந்தது, அரை ஆயுட்காலம் என்ன? மீதியிருப்பது கால் பங்கு. பாதியின் பாதி கால். எனவே இரண்டு அரை ஆயுட்காலம் கழிந்திருக்கிறது. விடை 20 நிமிடம். 0.693ஐ 20ஆல் வகுத்தால் வினைவேக மாறிலி நிமிடத்துக்கு 0.03465.

அலகுகளில் போகும் மதிப்பெண் கொஞ்சநஞ்சமல்ல. வாயு மாறிலி ஜூலில் 8.314, லிட்டர்-அட்மாஸ்பியரில் 0.08206. எந்தக் கணக்குக்கு எது என்று பார்த்துப் போட வேண்டும். வெப்ப இயக்கவியலில் என்தால்பி கிலோஜூலிலும் என்ட்ரோபி ஜூலிலும் தரப்பட்டிருக்கும். ஒன்றை ஆயிரத்தால் வகுக்காமல் கழித்தால் விடை எங்கோ போய்விடும். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றுவதும் அப்படியே. கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதிக்கொண்டே வந்தால் தவறு தானே கண்ணில் படும். பணிமனையில் அளவு எழுதினால் மில்லிமீட்டரா அங்குலமா என்று எழுதாமல் விடமாட்டோம். அதே ஒழுக்கம்தான் இதுவும்.

நம் தெருவிலேயே பாடம் இருக்கிறது

பாடம் மனத்தில் நிற்க வேண்டுமானால் கண்ணால் கண்ட ஒன்றோடு அதை முடிச்சுப் போட வேண்டும். இதில் தாராவிப் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த நம் முன்னோர் பலர் இங்கே தோல் பதனிட்டவர்கள். பதனிடுதல் இப்போது பெரும்பாலும் இங்கிருந்து போய்விட்டது. தோல் பொருள் தைக்கும் தொழில் நிற்கிறது. அன்று ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்தார்கள். அவற்றிலுள்ள டானின்கள் பல ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்ட ஃபீனால் சேர்மங்கள். பின்னர் குரோமியம் உப்பு வந்தது. மூவிணைதிறன் குரோமியம் அயனி, தோலிலுள்ள கொலாஜன் புரதத்தின் கார்பாக்சில் தொகுதிகளோடு அணைவுப் பிணைப்பு கொள்கிறது. ஃபீனால், அணைவுச் சேர்மம், புரதம் என்று மூன்று அத்தியாயங்கள் ஒரு தோல் துண்டுக்குள் இருக்கின்றன.

பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர்கள் தண்ணீரில் போட்டே சிலவற்றைப் பிரித்துவிடுவார்கள். பாலிதீன் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பாலிமர் பாடத்தை அங்கே தொடங்கலாம்.

ரயில் பெட்டிக்கு அடியில் தொங்கும் பாட்டரிப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஈய-அமிலக் கலம் ஒன்று ஏறத்தாழ 2 வோல்ட் தரும். அத்தகைய 56 கலங்களைத் தொடராக இணைத்தால் 110 வோல்ட் அமைப்புக்குப் போதும். மின்சாரம் கொடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் உண்டாகிறது, கந்தக அமிலம் செலவாகிறது, தண்ணீர் உண்டாகிறது. அதனால் கரைசலின் அடர்த்தி குறைகிறது. ஹைட்ரோமீட்டரை விட்டு அடர்த்தி பார்த்தே பாட்டரியில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதன் சமன்பாடு உங்கள் மின் வேதியியல் அத்தியாயத்தில் உள்ளது.

தண்டவாளத்தைப் பற்றவைக்கும் தெர்மிட் முறையும் அப்படியே. இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் வினைபுரிந்து உருகிய இரும்பும் அலுமினியம் ஆக்சைடும் கிடைக்கின்றன. அலுமினியம் ஆக்சைடின் உருவாதல் என்தால்பி மோலுக்கு ஏறத்தாழ −1676 கிலோஜூல். இரும்பு ஆக்சைடுக்கு −824. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் −852 கிலோஜூல். இரும்பே உருகி ஓடுவது இந்த வெப்பத்தால்தான். நம் அகலப் பாதையின் அளவும் 1676 மில்லிமீட்டர். இது தற்செயல் பொருத்தமே என்றாலும் அந்த எண்ணை நினைவில் வைக்க உதவும்.

ஆண்டுத் திட்டம்

தீபாவளி விடுமுறைக்குள் எல்லா அத்தியாயங்களையும் ஒரு சுற்று முடித்துவிடுங்கள். கரிம வேதியியல் வினைகளை நாளுக்கு ஐந்து வீதம் எழுதிப் பாருங்கள். வாயால் படித்தால் நிற்காது. டிசம்பரிலிருந்து வாரம் ஒரு பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து, இடையில் எழுந்திராமல் எழுதுங்கள். செய்முறை நோட்டை அவ்வப்போது முடித்து வையுங்கள். அந்த 30 மதிப்பெண்ணைக் கவனக்குறைவால் இழப்பது பாவம்.

மேற்படிப்புக்கான சி.இ.டி. தேர்வில் வேதியியலுக்கு 50 வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அதில் ஐந்தில் ஒரு பங்கு பதினோராம் வகுப்புப் பாடம் என்பதால் பழைய நூலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நீட் தேர்வில் வேதியியலுக்கு 45 வினாக்கள். அங்கே தவறுக்கு ஒரு மதிப்பெண் குறையும். அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடன் வாங்கிப் பெரிய கோச்சிங் கிளாஸில் சேர்த்தால்தான் பிள்ளை தேறும் என்று எண்ண வேண்டாம். மாலையில் இரண்டு மணி நேரம் டி.வி.யை நிறுத்தி, கடைக்கும் தண்ணீருக்கும் அனுப்பாமல் பிள்ளையை உட்கார விடுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் நான்கு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்க ஓர் இடத்தைச் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். பெண் பிள்ளைக்கும் இதே நேரமும் இடமும் வேண்டும்.

1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கி, 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வேதித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் மாதுங்காவில்தான் இருக்கிறது. தாராவியிலிருந்து நடந்தே போய்விடலாம். அதன் வாசலுக்குள் நுழையும் வழிகளில் ஒன்று மேலே சொன்ன சி.இ.டி. தேர்வு. நம் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டி நடந்து போகிறவர்களாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இன்றே லாக் டேபிளை எடுத்து முதல் கணக்கைப் போடச் சொல்லுங்கள்.