வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைக்கு விடுதி எங்கே?

இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் பட்டிப்பொல. அங்கிருந்து ஒஹிய பக்கம் ரயில் கிளம்பினால் சற்று நேரத்தில் ஒரு சுரங்கம் வரும். சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மத்திய மாகாணம், நுவரெலியா மாவட்டம். அந்தப் பக்கம் ஊவா மாகாணம், பதுளை மாவட்டம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தரம் 5இல் ஒரே நாளில் ஒரே புலமைப்பரிசில் வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாகவும் மொழிவாரியாகவும் தனித்தனியாக வரும். பெரிய பாடசாலைகளில் தரம் 6இல் சேர்வதற்கு ஒவ்வொரு பாடசாலைக்கும் வேறு வெட்டுப்புள்ளி இருக்கிறது. ஆக, பத்து வயதுப் பிள்ளை எடுத்த ஒரே புள்ளிக்குப் பல அர்த்தங்கள். அந்தப் புள்ளியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் பிள்ளையை அடுத்த ஜனவரியில் எங்கே அனுப்புவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

பரீட்சை இரண்டு வினாத்தாள்களைக் கொண்டது. ஒன்றுக்கு ஒரு மணித்தியாலம், மற்றதற்கு ஒன்றேகால் மணித்தியாலம். மொத்தம் 200 புள்ளி. நாடு முழுவதும் வருடத்துக்கு மூன்று இலட்சத்துக்கும் கூடுதலான பிள்ளைகள் எழுதுகிறார்கள். உதவிப்பணம் கிடைப்பது அவர்களில் ஏறத்தாழ 20,000 பேருக்கு. 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையில் முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே கசிந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. அந்த மாதங்களில் பிள்ளைகளும் பெற்றோரும் பட்ட பாட்டை நினைத்தால், ‘இந்தப் பரீட்சையே வேண்டாம், தூக்கிவிடுங்கள்’ என்று சொல்பவர்களின் கோபம் விளங்குகிறது. அதிகாலை டியூசன், சனி ஞாயிறு மாதிரி வினாத்தாள், விளையாட்டே இல்லாத ஒன்பதாவது வயது என்று அவர்கள் அடுக்கும் குற்றச்சாட்டு எல்லாம் உண்மை.

ஆனாலும் தோட்டப்புறத்திலிருந்து பார்க்கும்போது என்னால் அவர்களோடு முழுமையாகச் சேர முடியவில்லை. காரணம் முதலாம் தர அனுமதியில் இருக்கிறது. நகரத்துப் பெரிய பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கான இடங்களில் பாதி, பாடசாலைக்குக் கிட்ட குடியிருப்பவர்களுக்கு. கால் பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. கிட்ட குடியிருப்பதை நிரூபிக்க வீட்டு உறுதி, வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பல வருடப் பதிவு, மின்சாரக் கட்டணப் பற்றுச்சீட்டு எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. லயத்துக் காம்பராவில் குடியிருப்பவரிடம் உறுதி ஏது? நான்கு தலைமுறை அதே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தாலும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். பல லயங்களுக்குத் தனி முகவரிகூட இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்கு வர வேண்டும். தாய் தகப்பன் அந்தப் பெரிய பாடசாலையில் படித்திருந்தால் அவர்கள் லயத்தில் இருக்கப்போவதும் இல்லை. உறுதி கேட்காமல், தகப்பன் எங்கே படித்தார் என்று கேட்காமல், பிள்ளையின் விடைத்தாளை மட்டும் பார்க்கும் வாசல் தரம் 6 ஒன்றுதான். அதை மூடச் சொல்பவர்கள், அதன் இடத்தில் லயத்துப் பிள்ளைக்கு எந்த வாசலைத் திறக்கப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வாசலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1940களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, நகரத்துக்கு வெளியே மத்திய கல்லூரிகளை எழுப்பினார். ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையைப் பரீட்சை வைத்துத் தெரிவு செய்து, அந்தக் கல்லூரியில் சேர்த்து, அங்கேயே தங்கவைத்து, சாப்பாடும் போட்டுப் படிப்பிப்பதுதான் புலமைப்பரிசிலின் மூல யோசனை. பரீட்சையும் விடுதியும் சேர்ந்தே பிறந்தவை. கிராமத்துப் பிள்ளையைத் தெரிவு செய்துவிட்டு ‘தினமும் நடந்து வா’ என்று சொன்னால் தெரிவுக்கே பொருள் இல்லை என்பது அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த நல்ல காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையான பிறகு, 1977இலிருந்துதான் பள்ளிக்கூடங்களை அரசு கட்டம் கட்டமாக ஏற்றது. நாட்டின் மற்றப் பிள்ளைகள் இலவசக் கல்வியில் ஏறிப் போன 32 வருடங்களை மலையகப் பிள்ளைகள் இழந்தார்கள். இடையில் கிடைத்தது தனி மனிதர்களாலும் மிஷனரிகளாலும்தான். புசல்லாவையில் கே. ராஜலிங்கம் தொடங்கிய சரஸ்வதி வித்தியாலயத்தையும், இர. சிவலிங்கம் போன்றவர்கள் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியையும் மலையகம் இன்றைக்கும் நன்றியோடு சொல்வது இதனால்தான். அங்கே படித்த ஒரு தலைமுறைதான் பிறகு ஆசிரியராக, எழுத்தாளராக, தொழிற்சங்கத்தவராக வெளியே வந்தது.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். பத்தனையில் ஜெர்மனியின் உதவியோடு ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. 2015 அளவில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குக் கொடுத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. அதை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு பஸ் ஏறிப் போய் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் எடுத்தவர்கள் பலர். மலையகத்தில் வெட்டுப்புள்ளி தாண்டும் பிள்ளைகளின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இவர்களுடைய உழைப்பு.

பாடசாலைகளின் வகைதான் இன்னும் தடையாக நிற்கிறது. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 சாதாரண தரத்தோடு நின்றுவிடும். வகை 3 ஆரம்பப் பிரிவு. தோட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் கடைசி இரண்டும்தான். பட்டிப்பொலவும் அம்பேவெலவும் இன்னும் ஒதுக்குப்புறம். ஒரு பக்கம் ஹோர்டன் சமவெளிக் காடு, இன்னொரு பக்கம் பால்பண்ணையும் மரக்கறித் தோட்டமும், கீழே இறங்கினால் தேயிலை. அங்கிருக்கும் பிள்ளை டாக்டராகவோ எஞ்சினியராகவோ ஆக நினைத்தால் ஏதோ ஒரு கட்டத்தில் ஊரை விட்டு வெளியே போயே ஆக வேண்டும். தரம் 6இலேயே போக முடிந்தால் ஆங்கிலமும் கணிதமும் கைவசமாக ஆறு வருடம் கிடைக்கும். சாதாரண தரம் முடித்துவிட்டுப் போனால், உயர்தர வகுப்பில் முதல் வருடம் முழுக்க விட்டதைப் பிடிப்பதிலேயே போய்விடும்.

பெறுபேறு வந்த வாரத்தில் மலையக நகரம் ஒன்றின் கொமியுனிகேஷன் கடையில் போய் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. வெட்டுப்புள்ளி வந்ததும் தரம் 6 விண்ணப்பத்தை இணையத்தில்தான் போட வேண்டும். பிள்ளையின் சுட்டெண், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கம், விரும்பும் பாடசாலைகள். கடைத் தம்பி கணினிக்கு முன்னால். கொழுந்து மலையிலிருந்து அரைப்பேரோடு, அதாவது அரை நாள் கூலியோடு, ஓடி வந்த தாய் பக்கத்தில்.

“தம்பி, நுவரெலியா போடவா, பண்டாரவளை போடவா?”

“பாப்பா எத்தன எடுத்திருக்கா அக்கா? போன வருசத்து வெட்டுப்புள்ளியப் பாத்துட்டுப் போடுவோம்.”

“புள்ளி காணும் தம்பி. எப்பிடிப் போய் வாறதுன்னுதான் தெரியல.”

அந்தத் தம்பியால் முதல் கேள்விக்கு உதவ முடியும். கடைசிப் பேச்சுக்கு அவனிடமும் பதில் இல்லை, அமைச்சின் இணையத்தளத்திலும் பதில் இல்லை.

போய் வருவது என்றால் என்ன? பட்டிப்பொலவிலிருந்து நுவரெலியா நகரத்துக்குத் தரைவழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பாடசாலை காலை 7.30க்கு. வளைவும் மேடும் பனியுமான பாதையில் பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டுமானால், பிள்ளை ஐந்து மணிக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். தாய் அதற்கு முன்னால் எழும்பிச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டும். ரயிலில் போகலாம் என்றால், அந்தப் பாதையில் ஓடுபவை பெரும்பாலும் கொழும்புக்கும் பதுளைக்கும் இடையிலான நெடுந்தூர ரயில்கள். பொடி மெனிகேயும் உடரட்ட மெனிகேயும் பாடசாலை மணியைப் பார்த்து ஓடுவதில்லை. நானுஓயாவில் இறங்கினாலும் நகரத்துக்கு இன்னொரு பஸ். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது மலையக ரயில் பாதை மண்சரிவில் பல இடங்களில் அறுந்து கிடந்தது. ஒற்றைப் பாதையை நம்பியிருக்கும் ஊருக்கு அது என்ன அடி என்று சொல்லத் தேவையில்லை. அரசாங்கத்தின் ‘சிசு செரிய’ பாடசாலை பஸ் நல்ல திட்டம்தான். ஆனால் அது ஓடும் பாதையில் உங்கள் தோட்டம் இருக்க வேண்டும்.

உதவிப்பணம் இருக்கிறதே என்பார்கள். மாதம் 750 ரூபாவாக இருந்ததை 1,500 ரூபாவாக உயர்த்துவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது தோட்டத்தில் ஏறக்குறைய ஒரு நாள் சம்பளம். ஒரு நாள் சம்பளத்தை வைத்து ஒரு மாதத்துக்கு ஒரு பிள்ளையை வெளியூரில் தங்கவைக்க முடியாது.

அதனால் வீட்டில் என்ன நடக்கிறது? சொந்தக்காரர் யாராவது டவுனில் இருந்தால் அங்கே விடுகிறார்கள். பதினொரு வயதில் இன்னொருவர் வீட்டில், அவர்கள் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டு, அவர்கள் லைட் அணைக்கும் நேரத்தில் புத்தகத்தை மூடி வைக்கும் வாழ்க்கை. சில வீடுகளில் தகப்பனோ தாயோ டவுனில் வேலை தேடிக்கொண்டு, சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பிள்ளையோடு போய்விடுகிறார்கள். குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. பெண் பிள்ளை என்றால் பேச்சு இன்னும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ‘விடியக் கருக்கல்ல பொம்பளப் புள்ளய தனியா அனுப்ப ஏலுமா?’ என்று பாட்டி கேட்பாள். அந்தக் கேள்வியில் தப்பில்லை. பிள்ளை அதே தோட்டத்துக்குக் கிட்ட உள்ள வகை 2 பாடசாலையிலேயே தரம் 6இல் உட்கார்ந்துவிடுவாள். கெட்டிக்காரி கெட்டிக்காரியாகவே இருப்பாள். விஞ்ஞானப் பிரிவு மட்டும் அவளுக்கு இல்லாமல் போகும். இதில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்த இரண்டு வருடம் உழைத்த தாயை, அனுப்பவில்லையே என்று குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

கன்னங்கரா காலத்து யோசனையில் விடுதிதான் பாதி என்றேன். அந்தப் பாதி இன்று கழன்று போய்விட்டது. வாசலைத் தாண்டிய பிள்ளைக்குத் தங்கும் இடம் கொடுக்காவிட்டால், வெட்டுப்புள்ளி அளப்பது பிள்ளையின் திறமையை மட்டும் அல்ல, பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தையும்தான். எந்தப் பிள்ளை தோற்றது என்று பட்டியல் வருகிறது. எந்தப் பிள்ளை சித்தியடைந்தும் போகவில்லை என்பது பட்டியலில் வருவதில்லை.

அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகும் பெற்றோருக்குச் சில சொற்கள். பாடசாலைகளை வரிசைப்படுத்தும் முன்னால், ஒவ்வொன்றுக்கும் தொலைபேசி எடுத்து விடுதி இருக்கிறதா, தரம் 6 பிள்ளையை எடுப்பார்களா, மாதம் எவ்வளவு என்று கேளுங்கள். பெயர் பெற்ற பாடசாலை என்பதற்காக, பிள்ளை போய் வரவே முடியாத இடத்தை முதலாவதாகப் போடாதீர்கள். சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் பண்டாரவளை, பதுளைப் பாடசாலைகளையும் கணக்கில் எடுங்கள். மாவட்டம் வேறு என்பதற்காக விட்டுவிட வேண்டாம். புள்ளியில் சந்தேகம் இருந்தால் மீள்பரிசீலனைக்குத் திகதி முடியும் முன் விண்ணப்பியுங்கள். முதல் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு உண்டு. பல பெற்றோர் அது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். உதவிப்பணத்துக்கான வருமானப் படிவத்தைத் தோட்டப் பாடசாலை அதிபரிடம் கேட்டு வாங்குங்கள். மாணவர் சீசன் டிக்கட்டுக்குப் புதிய பாடசாலை அதிபரின் கையொப்பம் வேண்டும், அதை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

கல்வி அமைச்சிடமும் மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேட்க ஒன்றே ஒன்று இருக்கிறது. தமிழ் மொழிமூலத்தில் தரம் 6க்குப் பிள்ளை எடுக்கும் பாடசாலைகளின் வெட்டுப்புள்ளியை வெளியிடும்போது, அதே வரியில் அந்தப் பாடசாலையின் விடுதியில் எத்தனை கட்டில், ஆண் பிள்ளைக்கு எத்தனை, பெண் பிள்ளைக்கு எத்தனை என்பதையும் வெளியிடுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே போடுங்கள். பட்டிப்பொலவில் ஒரு தாய் எந்தப் பாடசாலையை முதலாவதாகப் போடுவது என்று தீர்மானிக்க அந்த எண் வேண்டும். மலையகத்துக்காகப் பாராளுமன்றத்தில் பேசுபவர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் எந்தப் பாடசாலைக்கு விடுதி கேட்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே தெரியவரும்.