வீட்டு வாசலில் எஞ்சின் ஆயில் மாற்றம்

காரின் எஞ்சினில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழலும் கிராங்க் தண்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கும் வரையில், தன்னைத் தாங்கும் பேரிங்குகளைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே சில மைக்ரான் தடிமனே உள்ள ஓர் எண்ணெய்ப் படலம் நின்று, சுழற்சியாலேயே உண்டாகும் அழுத்தத்தைக் கொண்டு தண்டை மிதக்க வைக்கிறது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான். படலம் தண்டை மிதக்க வைக்கும் இந்த உண்மை முதலில் வெளிப்பட்டது கார்களில் அன்று, ரயில் அச்சுகளைப் பற்றிய ஆராய்ச்சியில். லண்டன் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பீச்சம் டவர் நடத்தி 1883-இல் வெளியிட்ட சோதனைகளில், எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் போட்ட துளை வழியே எண்ணெய் உள்ளே இறங்காமல் வெளியே பொங்கி வந்தது. துளையை அடைத்த தக்கையையும் அது தள்ளிவிட்டது. அந்த அழுத்தத்துக்கான கணிதக் கோட்பாட்டை ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1886-இல் வகுத்துக் கொடுத்தார். இன்றைய கார் எஞ்சினும் அந்தக் கோட்பாட்டின்படியே நீடித்து உழைக்கிறது. படலம் அறுந்துபோகும் வேளைகளில்தான், குறிப்பாக நெடுநேரம் நின்ற எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளில்தான், உலோகம் உலோகத்தோடு உரசித் தேய்கிறது.

எஞ்சின் ஆயில் என்ற பெயரில் டப்பாவில் விற்கப்படுவது வெறும் எண்ணெய் அன்று. பெட்ரோலியத்திலிருந்து பெறப்பட்ட அல்லது வேதிமுறையில் உருவாக்கப்பட்ட அடிப்படை எண்ணெயோடு, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மங்கள், படிவுகளைக் கழுவும் சேர்மங்கள், கழுவப்பட்ட கரித்துகள்கள் ஒன்றுதிரண்டு கட்டியாகிவிடாமல் தனித்தனியே மிதக்கச் செய்யும் சேர்மங்கள், எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து கெட்டியாவதைத் தாமதப்படுத்தும் சேர்மங்கள் எனப் பல சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆயில் பழையதாவது என்பது பெரும்பாலும் இந்தச் சேர்மங்கள் தீர்ந்துபோவதுதான். ஆயில் கறுத்துவிட்டதே என்று, ஆயில் மட்டத்தை அளக்கும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பார்த்துப் பதறுவோர் பலர். ஆனால் டீசல் எஞ்சினில் புதிய ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுத்துவிடும், அது கரியை ஏந்திக்கொண்டு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அடையாளம். கவலைப்பட வேண்டிய நிறம் வேறு: பால் கலந்த காபியின் நிறத்தில் ஆயில் இருந்தால், தண்ணீரோ எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட்டோ அதில் கலந்திருக்கிறது என்று பொருள்.

ஆயில் மாற்றும் காலத்தைக் கார்களின் கையேடுகள் தூரத்தாலும் காலத்தாலும் சேர்த்தே வரையறுக்கின்றன. இந்தியாவின் பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது. அதிகம் ஓடாத காருக்கு ஆண்டுக்கொரு முறை எதற்கு என்ற கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும், எரிப்பின்போது உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் சிறிதளவு ஆயிலில் சேர்ந்துகொண்டே இருப்பதையும், ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அவை ஆவியாகி வெளியேறும் என்பதையும் கருதினால், காய்கறிச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் காரின் ஆயில், நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடும் காரின் ஆயிலைவிடக் குறைந்த தூரத்திலேயே கெட்டுப்போகும் என்பது விளங்கும்.

எந்த ஆயில் என்பதில்தான் தமிழ்நாட்டில் தவறான நம்பிக்கை மிகுதி. டப்பாவின் மேல் உள்ள 5டபிள்யூ-30 போன்ற குறியீடு, எஸ்ஏஇ என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பு வகுத்த பாகுநிலைத் தரம்; பாகுநிலை என்பது திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன. சென்னை வெயிலுக்கு இது தாங்காது, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்தான் ஏற்றது என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் உண்டு. ஆனால் எஞ்சினின் வெப்பத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஊரின் வெயில் அன்று, தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்பாட்டு வால்வு. உதகையானாலும் வேலூரானாலும் அது கூலண்ட்டின் வெப்பத்தை 90 டிகிரி அளவில் நிறுத்த முயல்கிறது. மேலும், இன்றைய எஞ்சின்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குவதால், குறுகிய வழிகளில் விரைந்து ஓடக்கூடிய ஆயில் அதற்குத் தேவைப்படுகிறது. ஆகவே கையேட்டில் உள்ள எண்ணே சரியான எண். அதோடு ஏபிஐ போன்ற அமைப்புகளின் தரக்குறியீடும் பொருந்த வேண்டும். புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்து டீசல் கார்களுக்கு, எரிந்தால் குறைந்த சாம்பலே விடும் தனி வகை ஆயில் இன்றியமையாதது, இல்லாவிட்டால் அந்த விலையுயர்ந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆயில் பில்டர் என்னும் வடிகட்டி காரோடு பிறந்ததன்று. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் 1920-களின் தொடக்கத்தில் பியூரோலேட்டர் என்ற பெயரில் உருவாக்கிய பிறகே அது பரவியது. இன்றைய வடிகட்டி ஒரு தகர உருளை. உள்ளே மடிப்பு மடிப்பான தாள், எஞ்சின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பு, தாள் அடைத்துக்கொண்டால் திறந்துவிடும் மாற்றுவழி வால்வு ஆகியவை அதில் அடக்கம். அந்த வால்வின் நோக்கம், ஆயிலே இல்லாமல் எஞ்சின் எரிந்துபோவதைவிட வடிகட்டாத ஆயிலாவது கிடைக்கட்டும் என்பது. ஆனால் அது திறந்திருப்பதை எந்த விளக்கும் ஓட்டுநருக்குக் காட்டாது. சிக்கனம் கருதி ஆயிலை மட்டும் மாற்றிப் பில்டரை விட்டுவிடும் வழக்கம் தவறானது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

வாரண்டி முடியாத காருக்கு ஆயில் மாற்றும் வேலையை வீட்டில் செய்யாதிருப்பதே நல்லது, ஏனெனில் பிற்காலத்தில் உரிமை கோரும்போது சர்வீஸ் பதிவேடே சான்றாகும். மேலைநாடுகளைப் போலக் கூலி மிகுதியாக இல்லாத நம் ஊரில் இதனால் மிச்சமாகும் தொகையும் பெரிதன்று. உண்மையான ஆதாயம், எஞ்சினுக்குள் எந்த ஆயில் போயிற்று, பில்டர் உண்மையில் மாற்றப்பட்டதா, வாஷர் புதியதா என்பவை ஐயமின்றித் தெரிவதுதான்.

தேவையான கருவிகள் சில: வடிகால் போல்ட்டின் அளவுக்குப் பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனர், பில்டர் ஸ்பேனர், ஐந்து லிட்டராவது கொள்ளும் அகன்ற தட்டு, புனல், கையுறை, துடைக்கப் பனியன் வேஸ்ட், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச். காரைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியோடு, காரின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கானது, தாங்குவதற்கானது அன்று. அது சரிந்து காரின் அடியில் இருந்தோர் உயிரிழந்திருக்கிறார்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்குபவை என்பதால் அவை ஸ்டாண்டுக்கு மாற்றாகமாட்டா. கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கையேடு காட்டும் இடத்தில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பின்பே அடியில் போக வேண்டும்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால், வெதுவெதுப்பான ஆயில் படிந்த அழுக்கையும் சேர்த்துக்கொண்டு எளிதில் இறங்கும். நெடும்பயணம் முடிந்த கையோடு திறந்தால் கை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவைத்து, மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்று சொல்லும் அடித்தொட்டியின் போல்ட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்ற வேண்டும். இந்தப் போல்ட்டே வேலையின் மிக நுட்பமான இடம். அடித்தொட்டி பல கார்களில் அலுமினியத்தால் ஆனது. எஃகு போல்ட்டை வலுவைக் காட்டி முறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும், பிறகு தொட்டியையே மாற்றவோ புதிய மரை போடவோ நேரும். கசியாமல் காப்பது இறுக்கம் அன்று, போல்ட்டின் அடியில் நசுங்கி அடைக்கும் வாஷர். ஆதலால் ஒவ்வொரு முறையும் புதிய வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கே இறுக்க வேண்டும். பல சிறிய கார்களில் அது 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை, அதாவது நடுத்தர நீளமுள்ள ஸ்பேனரை ஒரு கையால் உறுதியாக இழுக்கும் அளவே.

பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று பார்ப்பது கட்டாயம்; எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுவிட்ட பழைய வளையத்தின் மேல் புதியதைப் பொருத்தினால், அழுத்தம் ஏறியதும் ஆயில் முழுவதும் பீறிட்டுவிடக்கூடும். புதிய வளையத்தில் சிறிது ஆயில் தடவி, அது எஞ்சினைத் தொட்ட பின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். பின்னர், கையேட்டில் குறித்த அளவில் சற்றுக் குறைவாக ஊற்றி (சிறிய பெட்ரோல் எஞ்சின்களுக்கு மொத்த அளவே 3 லிட்டரை ஒட்டியிருக்கும்), எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா, அடியில் கசிவு உண்டா என்று பார்த்து, நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கின் இரு குறிகளுக்கு நடுவே, மேற்குறியைத் தாண்டாமல், நிரப்ப வேண்டும். மிகுதியாக ஊற்றுவதும் தீங்கே: சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிட, நுரையால் படலமாக நிற்க முடியாது. காலி டப்பாக்களைக் கிழித்தே எறிய வேண்டும், அவற்றில் போலி ஆயில் அடைத்து விற்போர் இருக்கிறார்கள்.

இனி எஞ்சுவது தட்டில் கிடக்கும் கழிவு ஆயில். அதைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசுவதும், கரையானுக்கென்று மரக்கம்பத்தில் தடவுவதும், எதுவும் இல்லாவிட்டால் சாக்கடையில் ஊற்றுவதும் நம் ஊர்களில் காணக்கூடியவை. எரிப்பில் உண்டான புற்றுநோய் விளைவிக்கும் சேர்மங்களும் தேய்ந்த உலோகத் துகள்களும் அதில் கலந்திருப்பதால் இவை எல்லாமே தீங்கானவை. ஒரு காரிலிருந்து இறக்கிய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகள் கழிவு ஆயிலை அபாயகரமான கழிவாக வகைப்படுத்தியிருக்கின்றன; 2024 ஏப்ரல் 1 முதல், பயன்படுத்திய ஆயிலின் மறுசுழற்சிக்கு ஆயில் உற்பத்தியாளர்களும் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறார்கள். இந்த ஆயிலை மீண்டும் சுத்திகரித்து அடிப்படை எண்ணெயாக்க முடியும், ஆனால் தண்ணீரோ பெட்ரோலோ பிரேக் ஆயிலோ கலந்தால் அது கடினமாகிவிடும். ஆகவே அதைத் தனி டப்பாவில் மூடி, பில்டரையும் ஓரிரவு கவிழ்த்து வடியவைத்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்திடம் ஒப்படைக்க வேண்டும். அப்படி வாங்கிக்கொள்ளும் இடம் அருகில் இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு, இல்லையென்றால் போல்ட்டைத் தொடாமல் காரையே அங்கு அனுப்பிவிடுங்கள்.